கிரையோலிபோலிசிஸ்: சொல்லும் பக்கவிளைவுகளும்

கிரேக்கத்தில் 'கிரையோஸ்' கடுங்குளிர், 'லிபோஸ்' கொழுப்பு, 'லிசிஸ்' கட்டு அவிழ்தல். மூன்றும் சேர்ந்ததே கிரையோலிபோலிசிஸ், அதாவது தோலுக்கடியில் உள்ள கொழுப்பைக் குளிர்வித்துக் குறைக்கும் சிகிச்சை. பாஸ்டனில் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் குழுவினர் பன்றிகளில் செய்த ஆய்வு 2008-இல் வெளியானது. தொடைகளுக்கு இதைச் செய்ய அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது.

விளம்பரங்கள் இதைக் 'கொழுப்புக் கரைப்பு' என்கின்றன. அது தவறு, சிகிச்சை நேரத்தில் எதுவும் கரைவதில்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும், பக்கத்துக் குடத்துத் தண்ணீர் உறையாது. அப்படித்தான் தோல் தாங்கும் குளிரிலேயே கொழுப்பணு அடிபட்டு, பிறகு மெல்ல மடிகிறது. மடிந்த அணுக்களை விழுங்கும் வெள்ளணுக்களான விழுங்கணுக்கள் அதை அகற்ற இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஆகவே 'குளிர்வழிக் கொழுப்புச் சிதைப்பு' என்பதே சரி. பேச்சுக்குக் 'கொழுப்பு உறைவிப்பு' போதும்.

சிதைவு மெதுவாக நடப்பதால் பக்கவிளைவுகளில் சில வீடு திரும்பிய பிறகே தலைகாட்டும். உள்தொடைச் சதையைக் குளிர்விக்கும் கருவியின் கிண்ணம் உறிஞ்சிப் பிடிக்கும். சிவப்பு, வீக்கம், கன்றல் அதனால் வருபவை. வெளித்தொடைச் சதை கிண்ணத்துக்குள் வராது என்பதால் தட்டைத் தகட்டை வைத்துக் கூடுதல் நேரம் குளிர்விப்பார்கள். அந்த இடம் சில வாரம் மரத்துக் கிடக்கலாம். சில நாள் கழித்துச் சுரீரென்று குத்தும் வலியும் எரிச்சலும் சிலருக்கு வரும்; இது பெரும்பாலும் தானே அடங்கும்.

தோலுக்கும் கருவிக்கும் நடுவே விரிக்கும் ஜெல் துணி மடங்கினாலோ விலகினாலோ பனிக்கடிப் புண் உண்டாகும். வெப்பநிலையைச் சரியாகக் கட்டுப்படுத்தாத போலிக் கருவிகளில் இந்த ஆபத்து அதிகம். கொப்புளம் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அரிதானாலும் மிகவும் அஞ்ச வேண்டியது முரண் கொழுப்புப் பெருக்கம். குறைய வேண்டிய கொழுப்பு, சில மாதங்களில் கருவி வைத்த வடிவிலேயே கெட்டியாகப் புடைக்கும். 2014-இல் மருத்துவ இதழில் பதிவான இதைப் பலரும் அறிந்தது, 2021-இல் மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா தமக்கு நேர்ந்ததைச் சொன்ன பிறகுதான். இது தானாக வற்றாது. கட்டி இளகும்வரை சில மாதம் பொறுத்து, லைபோசக்ஷன் என்னும் அறுவை சிகிச்சையில் உறிஞ்சி எடுப்பதே வழக்கம். கத்திபடாத சிகிச்சை என்று வந்தவருக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் கையெழுத்து வாங்குவது பெரும் பிழை.

கிரையோகுளோபுலினீமியா (குளிரில் ரத்தப் புரதங்கள் திரள்வது), குளிர் அக்ளூட்டினின் நோய் (குளிரில் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்வது) உள்ளவர்களுக்கு இதைச் செய்யவே கூடாது. குளிர் பட்டால் தோல் தடிக்கும், விரல்கள் வெளுக்கும் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.