முரசின் முகம் தாங்கிய கொடி

தென் சிலியிலும் அதையொட்டிய அர்ஜென்டினாவிலும் வாழும் மப்புச்சே பழங்குடியினரின் கொடிக்கு வெனுஃபோயே என்று பெயர். கொலம்பஸ் அமெரிக்கக் கரையில் இறங்கி 500 ஆண்டுகள் நிறைந்த 1992இல், மப்புச்சே அமைப்பொன்றின் அழைப்புக்கு வந்துசேர்ந்த ஏராளமான வடிவங்களிலிருந்து இது உருவானது. கொடி புதியது, அதிலுள்ள சின்னங்கள் பழையவை.

மேலிருந்து கீழாக நீலம், பச்சை, சிவப்பு என மூன்று பட்டைகள். பச்சை மண்ணையும், மாச்சி எனப்படும் சடங்கு மருத்துவர்களின் குணமாக்கும் ஆற்றலையும் குறிக்கிறது. சிவப்பு வலிமையையும் முன்னோர் சிந்திய குருதியையும் குறிக்கிறது. குருதிக்குச் சிவப்பு என்பது பல நாட்டுக் கொடிகளிலும் காணக்கூடியதே. நீலம் அப்படியன்று: தம் முதல் முன்னோரின் ஆவி நீலத்திலிருந்து வந்தது என்று நம்புவோருக்கு அது பிறப்பிடத்தின் நிறம்.

நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் சூரியனைக் குறிக்கிறது. அதில் இருப்பது மாச்சி இசைக்கும் குல்த்ருன் முரசின் முகம். மரத்தைக் கிண்ணம்போல் குடைந்து, வாயில் தோலை இழுத்துக் கட்டி, அத்தோலின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு நான்கு திசைகளாகப் பிரித்து, இடைவெளிகளில் சூரியனையும் நிலாவையும் விண்மீன்களையும் வரைகிறார்கள். முரசை அடிப்பவர் உலகத்தின் வரைபடத்தையே கையில் ஏந்தியிருக்கிறார் எனலாம். கொடியின் கருத்து முழுவதும் இந்த வட்டத்துக்குள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மேல், கீழ் ஓரங்களில் கறுப்பு வெள்ளையில் ஓடும் படிக்கட்டு வடிவங்கள் நெசவுக் கலையிலிருந்து வந்தவை. தலைவர்கள் அணியும் பொன்சோ என்ற போர்வை போன்ற மேலாடைக்கான பாவு நூல்களைச் சிறு கட்டுகளாக இறுக்கிக் கட்டிச் சாயத்தில் தோய்க்கும்போது, கட்டிய இடம் மட்டும் வெள்ளையாக எஞ்சுகிறது. ஒவ்வொரு கட்டையும் அடுத்ததைவிடச் சற்றுத் தள்ளிக் கட்டுவதால் சாய்வுக்கோடு படிகளாக அமைகிறது.

மப்புச்சேயரின் மற்றொரு சின்னமான எட்டுமுனை விண்மீன் இக்கொடியில் இல்லை. அது விடிவெள்ளியாகிய வெள்ளிக் கோள். அதன் சுற்றுப்பாதை பூமியினதற்கு உட்பட்டிருப்பதால், அது சூரியனைவிட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. சில மாதங்கள் வைகறைக்கு முன் கிழக்கில் தோன்றும். மப்புச்சேயர் சடங்குகளில் முகம் திருப்புவதும் கிழக்கு நோக்கியே. 1818இல் சிலி விடுதலை உறுதிமொழி எடுத்தபோது ஏற்றிய கொடியில், ஐந்துமுனை விண்மீனுக்குள் இந்த எட்டுமுனை உருவமும் இடம்பெற்றிருந்தது; பின்னர் அது நீக்கப்பட்டு, ஐந்துமுனை விண்மீன் மட்டுமே நின்றது.