முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் நிற்காது

சென்ற வாரமும் அதே கதை. ட்ரம்ஸ் பயிற்சிக்கென்று ஒதுக்கிய அறை. நாலு சுவரிலும் ஸ்பாஞ்ச், கூரையில் முட்டை அட்டை. பக்கத்து வீட்டோடு சண்டை மட்டும் ஓயவில்லை. "இவ்வளவு ஒட்டியும் கேட்குதாம் சார்" என்றார் அறைக்காரர். கேட்காமல் என்ன செய்யும்?

அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது ஒரு வேலை. சத்தம் வெளியே போகாமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. ஸ்பாஞ்சுக்குத் தெரிந்தது முதல் வேலை மட்டும்தான். சந்தேகமாக இருந்தால் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் காற்று வருகிறதல்லவா? சத்தமும் அப்படித்தான் வரும். துளைகளுக்குள் உரசி அதில் கொஞ்சம் வெப்பமாகிக் கரையும். கை தட்டினால் அறை கணீரென்று திருப்பிச் சொல்லாது. உள்ளே நிற்பவருக்கு அது அமைதி போலத் தோன்றும். எல்லாரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அதுவும் கீச்சென்ற உயர் சுருதி ஒலிகளுக்குத்தான் இந்தக் கரிசனம். பேஸ் ட்ரம்மின் தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் அலை காற்றில் ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். அதற்கு முன்னால் இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் எம்மாத்திரம்? முட்டை அட்டை வெறும் காகிதக் கூழ், அதை விட்டுவிடுவோம்.

சத்தத்தைத் தடுப்பது கனம். சுவர் அதிர்ந்தால்தான் ஒலி அந்தப் பக்கம் போகும். கனமான சுவரை அசைப்பது கடினம். எடையை இரட்டித்தால் அதிகபட்சம் 6 டெசிபல் குறையும், அவ்வளவுதான். அதனால்தான் ஒலித்தடுப்பு வேலை செய்யும் நாங்கள் ஒன்றையொன்று தொடாத இரண்டு சுவர்கள் கேட்கிறோம். (செலவைச் சொன்னதும் பலர் போனை வைத்துவிடுவார்கள்.)

அதற்கும் முன்னால் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். சுவர்ப் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், மீதியைக் கோட்டை போலக் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. இரவில் அறைக்குள் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே இருட்டில் நின்று பாருங்கள். கதவடியில் கோடாக வெளிச்சம் தெரிகிறதா? முதலில் அங்கே ரப்பர் பட்டை. ட்ரம்ஸை வெறும் தரையில் வைக்காதீர்கள். அதிர்வு கான்கிரீட்டுக்குள் இறங்கிவிட்டால் சுவரை என்ன செய்தாலும் பயனில்லை.

சரி, இதுவரை பணம்தான் வீண். அடுத்தது அப்படியல்ல. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். மேடை வாணவேடிக்கையின் பொறி பற்றியது சுவரில் ஒட்டிய பாலியூரித்தேன் ஸ்பாஞ்சில். அக்கம்பக்கத்தார் சத்தம் என்று புகார் சொன்னதால் ஒட்டியது அது. 2013இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் மறுபடியும், 242 பேர். அந்தப் புகையில் சயனைடு வாயு இருக்கும். தீ நெருங்கும் முன்பே ஆள் விழுந்துவிடுவார்.

நான் பார்த்த அறையில் ஸ்விட்ச் போர்டைச் சுற்றியும் ஒட்டியிருந்தார்கள். ஒரே கதவு, ஜன்னலையும் அடைத்தாயிற்று. உங்கள் அறையும் அப்படி இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே உரித்துவிடுங்கள். தீ தாங்கும் சான்று இல்லாத எதையும் சுவரில் ஏற்றாதீர்கள். பக்கத்து வீட்டுச் சண்டையை அப்புறம் பேசித் தீர்க்கலாம்.