சிபில் ஸ்கோர் எதைப் பார்க்கிறது?

பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் கடன் வரலாறு சரியில்லை என்று வங்கி அவரது நியமனத்தை ரத்து செய்தது. வாங்கிய கடனையெல்லாம் அடைத்துவிட்டேன் என்று அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். 2025 ஜூனில் வந்த தீர்ப்பு வங்கியின் பக்கமே நின்றது. கடனை அடைத்தாரா என்பதோடு, இடையில் எப்படிக் கட்டி வந்தார் என்பதும் கணக்கில் வந்தது. கடனை நாம் எப்படிக் கட்டுகிறோம் என்பதற்கு மதிப்பெண் தரும் சிபில் வேலை செய்யும் விதமே இதுதான்.

நம் சம்பளம் எவ்வளவு, சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, ஊரில் நிலம் உண்டா என்பதெல்லாம் இந்த மதிப்பெண்ணில் சேராது. மாதம் 2 லட்சம் வாங்குபவருக்கு 600 இருக்கலாம். 18,000 வாங்குபவருக்கு 780 இருக்கலாம். 300 முதல் 900 வரையிலான இந்த எண், வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் கட்டினோமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. இந்தியாவில் இதைக் கணக்கிட நான்கு நிறுவனங்களுக்கு உரிமம் உண்டு. 2000-ல் தொடங்கிய சிபில்தான் மூத்தது என்பதால், அதன் பெயரே எல்லாவற்றுக்கும் நிலைத்துவிட்டது.

இந்த நிறுவனங்கள் தரும் கடன் அறிக்கையைத் திறந்தால் ஒவ்வொரு கடனுக்குக் கீழும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும், 36 மாதங்களுக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இலக்கம். 000 என்றால் பாக்கி இல்லை. 030 என்றால் தவணை 30 நாள் தாண்டிவிட்டது. 90 நாளைத் தாண்டினால் வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்திவிடும். கட்டத்துக்குத் தொகை தெரியாது. கடனில் வாங்கிய போனுக்கான 1,200 ரூபாய் தவணையைத் தவறவிட்டாலும், வீட்டுக் கடன் தவணையைத் தவறவிட்டாலும் அங்கே விழுவது நாள் கணக்குதான். முதல் வேலையில் இருப்பவர்கள் இடறுவது பெரும்பாலும் இந்தச் சின்னத் தொகைகளில்தான். ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று செயலிகள் தருவதும் பல நேரங்களில் கடனாகவே பதிவாகிறது.

கல்விக் கடனில் இன்னொரு சிக்கல். படிக்கும் காலத்திலும் அதன்பின் சில மாதங்களும் தவணை இருக்காது. அதற்குள் பிள்ளை வேறு ஊருக்குப் போய், போன் நம்பரும் மாறியிருக்கும். தவணை தொடங்கியதே தெரியாமல் போனால், உடன் கையெழுத்திட்ட அப்பாவின் அறிக்கையிலும் அதே கறை விழும்.

கிரெடிட் கார்டின் கணக்கு கொஞ்சம் நுட்பமானது. 50,000 வரம்புள்ள கார்டில் 45,000 செலவு செய்து, கெடு தேதிக்குள் முழுவதும் கட்டிவிடுகிறீர்கள். தவறே இல்லை. ஆனால் வங்கி தகவல் அனுப்பும் நாளில் 45,000 நிலுவையில் இருந்தால், வரம்பில் 90 சதவீதத்தைத் தின்பவர் என்றுதான் பதிவாகும். 30 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்வது இதனால்தான். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினாலும் கட்டத்தில் 000 விழும். வட்டியோ ஏறிக்கொண்டே போகும்.

அவசரத்துக்கு ஒரே வாரத்தில் ஐந்து இடங்களில் விண்ணப்பித்தால் ஐந்து இடங்களும் உங்கள் அறிக்கையைக் கேட்டது ஐந்து விசாரணைகளாகப் பதிவாகி மதிப்பெண் குறையும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் எதுவும் குறையாது, தயங்கவே வேண்டாம்.

கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. அந்தக் காரணத்துக்காக மட்டும் முதல் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வைப்பு நிதியை ஈடாக வைத்து ஒரு கார்டு வாங்கி, மாதாமாதம் சிறிதாகச் செலவு செய்து முழுவதும் கட்டி வருவதே நல்ல தொடக்கம் என்பது என் கருத்து.

பாதித் தொகையில் ‘செட்டில்’ செய்துகொள்ளலாம் என்று வசூல்காரர் சொன்னால் யோசியுங்கள். அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று விழ வேண்டிய இடத்தில் ‘செட்டில்டு’ என்று விழும். அடுத்த வங்கிக்கு அதன் பொருள், இவர் முழுதாகக் கட்டவில்லை என்பதே.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா, அடைத்த கடன் இன்னும் நிலுவையில் நிற்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் இணையத்திலேயே புகார் செய்யலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும்.