லிம்போமா போன பிறகு இதயத்தில் தங்குவது

கழுத்தில் வலியில்லாமல் நெறி கட்டி, பரிசோதனையில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவருபவர்களில் பலர் இருபது, முப்பது வயதினர். அவர்களில் பெரும்பாலோர் இன்று குணமடைந்து பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். சிகிச்சையின் மெல்ல வெளிப்படும் பின்விளைவுகள் இந்நோயில் பெரிதாகப் பேசப்படுவதற்கு அதுவே காரணம். தைராய்டு குறைபாடு, நுரையீரல் தழும்பு, இரண்டாவது புற்றுநோய் எனப் பல உண்டு என்றாலும், இதயத்தின் கதை தனியே விளக்கத்தக்கது.

இந்நோய்க்குத் தரப்படும் டாக்சோரூபிசின் சிவப்பு நிற மருந்து. அதை ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். முதல்முறை பார்ப்பவர்கள் இரத்தமோ என்று பதறுவதுண்டு. டிஎன்ஏ இழையில் விழும் முறுக்கை, இழையை வெட்டி அவிழ்த்து மீண்டும் ஒட்டுவது டோபோஐசோமரேஸ்-2 என்னும் நொதியின் வேலை. வெட்டியதை ஒட்டவிடாமல் இம்மருந்து தடுப்பதால், ஓயாமல் பிரியும் புற்றுச்செல் மடிகிறது. ஆனால் அந்த நொதியின் இன்னொரு வடிவம் இதயத் தசைச் செல்லிலும் இருக்கிறது. அங்கும் இழை அறுபட, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் சிதைகின்றன. இதயத் தசைச் செல்கள் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்ற அளவில்கூடப் புதுப்பிக்கப்படுவதில்லை. மிஞ்சிய செல்கள் பாரத்தைப் பகிர்ந்து சுமப்பதால் ஆண்டுக்கணக்கில் எதுவும் தெரியாது; சிலருக்குக் கர்ப்பகாலத்தில் மூச்சு வாங்கும்போதுதான் குறை வெளிப்படுகிறது. டாக்சோரூபிசினோடு வேறு மூன்று மருந்துகளும் சேர்ந்த ஏபிவிடி சிகிச்சையின் 6 சுற்றுகளில், உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 300 மில்லிகிராம் சேர்கிறது. 400-ஐத் தாண்டினால் இதயச் செயலிழப்பின் அபாயம் வேகமாக ஏறுகிறது.

கதிர்வீச்சு வேறு வழியில் கெடுக்கிறது. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹென்றி காப்லான் போன்ற மருத்துவர்கள் கழுத்து, அக்குள், மார்பு ஆகியவற்றை ஒருசேரச் சேர்த்து 40 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) அளவில் கதிர்வீச்சு தந்தார்கள். அதுவரை கைவிடப்பட்ட நோயாளிகள் பிழைத்தார்கள் என்பதால் அதைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆயினும் கதிர் பட்ட இதயத் தமனிகளின் உட்சுவர் புண்பட்டு, அழற்சியும் தழும்புமாகத் தடித்துச் சுருங்குவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் ஆயின, வால்வுகளும் விறைத்தன. இன்று நோயுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு மட்டும், பெரும்பாலும் 20 முதல் 30 கிரே வரை தரப்படுகிறது.

சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எதுவுமில்லாத, லிம்போமாவிலிருந்து எப்போதோ மீண்ட 45 வயதுக்காரர் நெஞ்சு இறுக்கத்தோடு வந்தால் வாயுத் தொல்லை என்று எண்ணத் தோன்றும். மருந்தின் மொத்த மில்லிகிராமும், மார்பு பெற்ற கிரே அளவும் எழுதிய பழைய டிஸ்சார்ஜ் சம்மரி அவர் கையில் இருந்தால், மருத்துவரின் எண்ணம் முதலில் தமனி அடைப்பின் பக்கம் போகும்.