குடிக்கலாமா, கூடாதா? ஊர் முன்னால் ஒரு பி.எஸ்சி. புராஜெக்ட்

பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு மாணவர்களிடம் புராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டால் பெரும்பாலும் தண்ணீர் என்றுதான் வருவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரி என்றால் சொல்லவே வேண்டாம், அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கிற ஃப்ளோரைடு பாறையிலேயே இருக்கிற பூமி. ஊர் ஊராகப் போய் போர்வெல், அடிபம்பு, மேல்நிலைத் தொட்டி என்று பாட்டிலில் பிடித்து வருவார்கள். சோதிப்பார்கள், அட்டவணை போடுவார்கள், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடியும். ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கை துறை அலமாரியில் ஏறிவிடும். தண்ணீர் கொடுத்த ஊருக்கு ஒரு துண்டுச் சீட்டு கூடப் போகாது.

அதனால் என் மாணவர்கள் முடிவுகளை அந்த ஊரிலேயே போய்ச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுவதால் நல்ல வாய்ப்பு. ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே சொன்னால் கொஞ்ச நேரம் ஒதுக்கித் தருவார்கள். இல்லாவிட்டால் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமின் மாலைக் கூட்டம் இருக்கிறது.

மேடை நடுக்கம் இரண்டு நிமிடத்தில் போய்விடும். சிக்கல் அதற்கப்புறம்தான். ஒரு பெரியவர் எழுந்து, "அதெல்லாம் சரி தம்பி, எங்க ஊருத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா?" என்று கேட்பார். வைவாவில் யாரும் கேட்காத கேள்வி இது. அங்கே என்ன முறையில் சோதித்தாய், என்ன கருவி, எந்த நூலில் பார்த்தாய் என்று கேட்போம். பையனும் அந்தப் பழக்கத்தில், "இந்திய தர நிர்ணய அளவின்படி அனுமதிக்கப்பட்ட வரம்பு" என்று ஆரம்பிப்பான். பெரியவர் உட்கார்ந்துவிடுவார், புரிந்ததால் அல்ல.

இந்திய தர அளவு ஃப்ளோரைடுக்கு இரண்டு எண்கள் சொல்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால் ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். 1.3 வந்த போரைப் பற்றி மாணவர் என்ன சொல்வார்? "வரம்புக்குள் இருக்கிறது" என்பதும் உண்மை, "வரம்பைத் தாண்டிவிட்டது" என்பதும் உண்மை. ஊரில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது என்றால், குடிக்கவும் சமைக்கவும் அதை வைத்துக்கொண்டு போர்த் தண்ணீரைத் துவைக்க, கழுவ விடுங்கள் என்று சொல்லலாம். கேட்டவர் எதிர்பார்த்த பதில் அதுதான். அதைச் சொல்ல ஊருக்கு வேறு என்ன தண்ணீர் வருகிறது என்று மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டிலில் பிடிக்கப் போன அன்றே விசாரித்திருக்க வேண்டிய விஷயம்.

மில்லிகிராம் கணக்கு யாருக்கும் கண்ணில் நிற்காது. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் ஒன்றரை கிராம் என்று சொல்லச் சொல்வேன். ஒன்றரை கிராம் உப்பைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. "இவ்ளோண்டா?" என்று உடனே கேட்பார்கள். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பதுதான் விஷயம், குழந்தைக்கு நிரந்தரப் பல் உருவாகும் வயதில் அது பல்லில் கறையாகப் படியும் என்று அங்கிருந்து தொடரலாம். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும் என்பதையும் தவறாமல் சொல்ல வேண்டும். காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய.

கவனம் தேவைப்படுகிற இன்னொரு இடம் முழங்கால். "எனக்கு மூட்டு வலி, இந்தத் தண்ணியாலதானே கண்ணு?" என்று ஒரு பாட்டி கேட்பார். கூட்டமே திரும்பிப் பார்க்கும். ஆமாம் என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஃப்ளோரைடு எலும்பையும் பாதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானமும் இதே மாதிரி வலிக்கும். மாணவர் சோதித்தது தண்ணீரை, பாட்டியின் முழங்காலை இல்லை. "அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள் பாட்டி, இந்த போர்த் தண்ணீர்தான் குடிக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்" என்பதோடு நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்துகிற மாணவருக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

ஊரில் நமக்குப் போட்டியும் உண்டு, தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்க வருகிறவர். இரண்டு டம்ளர் வைப்பார், ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், ஒன்றில் அவர் மெஷினில் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை உள்ளே விட்டு பிளக்கில் செருகுவார். வீட்டுத் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி நுரைக்கும். பார்க்கிறவருக்கு வயிற்றைப் பிரட்டும். அந்த நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. மின்சாரம் பாய்ந்து இரும்புக் கம்பி கரைந்து வருகிற துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். அதே டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு கம்பியை விட்டால் அதுவும் கலங்கிவிடும். இதை மாணவர்களை பேட்டரி வைத்து ஊர் முன்னால் செய்துகாட்டச் சொல்கிறேன். மெயின் கரண்ட் கூடாது, பக்கத்தில் குழந்தைகள் நிற்பார்கள்.

இதில் மாணவர்கள் குஷியாகி "ஆர்.ஓ.வே ஏமாற்று" என்று சொல்லிவிடக் கூடாது. ஆர்.ஓ. ஃப்ளோரைடைப் பெருமளவு நீக்கும். பொய் அந்த டம்ளர் வித்தையில் இருக்கிறது. அதேபோல பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டும், ஃப்ளோரைடைத் தனியாகக் காட்டாது. கால்சியம் அதிகமுள்ள கடின நீரில் ஃப்ளோரைடு அதிகம் கரைந்து நிற்பதில்லை. அதனால் உப்பு கரிக்கிற தண்ணீரைவிட வாய்க்கு ருசியான தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருப்பதும் உண்டு. இதைச் சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

யாருடைய போர் என்று பெயர் சொல்லிக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. மாணவர்கள் ஆர்வத்தில் ஊர் வரைபடம் வரைந்து சிவப்புப் புள்ளி வைத்து வீட்டுக்காரர் பெயரையும் எழுதிவிடுவார்கள். நில விலை, சம்பந்தம் பேச்சு, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் அந்தப் புள்ளியில் தொங்குகிறது. தனியார் போர் என்றால் உரிமையாளரிடம் முதல் நாளே வீட்டுக்குப் போய் முடிவைச் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தில் பெயர் இல்லாமல் அளவு மட்டும் சொன்னால் போதும். பொது அடிபம்பு, பள்ளிக்கூடக் குழாய் என்றால் ஒளிக்க எதுவும் இல்லை, இடத்தைச் சொல்லியே பேசலாம்.

பவர்பாயின்ட் திரை வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வேப்பமரத்தடியில் எதுவும் தெரியாது. பெரிய எழுத்தில் ஒரு சார்ட், பாட்டில்கள், அந்த உப்புப் பொட்டலம் போதும். முடிவை முதலில் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சோதித்தோம் என்பதைக் கேட்டால் சொல்லலாம். நூறு நாள் வேலைக் கணக்கும் தெருவிளக்கும் காத்திருக்கிற கூட்டம் அது.

கல்லூரி ஆய்வகத்து எண் ஒரு மாதத்தில் எடுத்த மாதிரியின் எண், அரசுச் சான்று அல்ல என்பதையும் மாணவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உறுதி வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் பயிற்சி பெற்ற பெண்கள் ஊரில் இருந்தால் அவர்களிடம் சோதனைப் பெட்டி இருக்கும். கூட்டத்துக்கு முன்பே அவர்களைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது, அடுத்த வாரம் யாராவது சந்தேகம் கேட்டால் பதில் சொல்லப் போவது அவர்கள்தான்.

கடைசியாக, எந்தக் குழாய், எந்தத் தேதி, என்ன அளவு என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவிட்டு வரச் சொல்கிறேன். மழைக்குப் பிறகு அளவு மாறலாம் என்பதால் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். அதை நிரப்புவது அடுத்த பேட்ச்சின் புராஜெக்ட்.