டிரெய்லரும் ஒரு வண்டிதான்: எஸ்யூவியில் இழுக்கப் போகும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

வெல்டிங் பட்டறையில் ஒரு டிரெய்லர் செய்து எடுக்க இரண்டு வாரம் போதும். செய்து முடித்த டிரெய்லருக்கு ஆர்சி வாங்கக் கிளம்பினால் எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பலருக்குக் கடைசிவரை கிடைப்பதே இல்லை. “பின்னாடி உங்க கார் நம்பரை எழுதிட்டாப் போதும் சார்” என்று சொல்லி முன்பணம் வாங்கிய பட்டறைக்காரர், வழியில் வண்டியை மடக்கிய பிறகு போனை எடுக்க மாட்டார்.

சட்டம் இரண்டே வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரையும் அடக்கிவிட்டது. எஞ்சின் இல்லாவிட்டாலும் அது தனி வண்டி, அதற்குத் தனிப் பதிவும் தனி நம்பரும் வேண்டும்.

காகிதம் முதலில், இரும்பு பிறகு

பட்டறையில் விலை கேட்கும் முன் கேட்க வேண்டியது: “படிவம் 21, படிவம் 22 இரண்டும் தருவீர்களா?” 21 என்பது விற்பனைச் சான்று. 22 என்பது சாலையில் ஓடத் தகுதியானது என்று தயாரித்தவர் தரும் சான்று. அங்கீகாரம் பெற்ற வடிவத்தில் டிரெய்லர் செய்யும் தயாரிப்பாளர்தான் இவற்றைத் தர முடியும். தெருமுனைப் பட்டறை லெட்டர்பேடில் எழுதித் தருவது ரசீது, சான்று அல்ல. இவை இல்லாமல் படிவம் 20 என்ற பதிவு விண்ணப்பம் கவுன்டரைத் தாண்டாது. “நான் பார்த்துக்கிறேன்” என்று புரோக்கர் சொன்னால், எந்தத் தயாரிப்பாளர் பெயரில் படிவம் 22 வரப்போகிறது என்று கேளுங்கள். வேறு யாரோ செய்த டிரெய்லரின் சான்றை உங்களுடையதற்கு ஒட்டினால், பொய் ஆவணத்தில் வாங்கிய பதிவு என்று பிரிவு 55-இன் கீழ் அது ரத்தாகும். புரோக்கர் பெயர் அதில் எங்கும் இருக்காது.

சேசிஸ் எண் பிரேமில் பஞ்ச் செய்யப்பட்டிருக்க வேண்டும், பெயின்டில் எழுதியிருந்தால் ஆகாது. விண்ணப்பத்துக்கு அதன் பென்சில் பிரிண்ட், அதாவது எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு, கேட்பார்கள். துரு பிடிக்காமலிருக்க மூன்று கோட்டிங் அடித்து எண்ணையே மூடிவிட்டால் பிரிண்ட் எடுபடாது. பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்ப அது ஒன்றே போதும். 21, 22, பில், இன்சூரன்ஸ் நான்கிலும் எண் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஆங்கில ‘ஓ’ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் விழுந்திருந்தால் “திருத்திக்கிட்டு வாங்க”தான். திருத்தித் தர வேண்டியவர் வேறு ஊரில் இருப்பார்.

தடுப்புக் கம்பி, தார்ப்பாய் வளையம், ஸ்டெப்னி, டூல் பெட்டி எல்லாவற்றையும் பொருத்தி முடித்த பிறகே எடைமேடையில் ஏற்றி வெற்று எடை எடுங்கள். பதிவுக்குப் பிறகு பக்கவாட்டில் கம்பி வைத்தால் வெற்று எடை ஆர்சியில் உள்ளதைவிடக் கூடிவிடும். சரக்கே ஏற்றாவிட்டாலும் பிரிவு 113-படி அது குற்றம்.

நம்பர் விஷயத்தில் பாதிப்பேர் தடுமாறுகிறார்கள். டிரெய்லரின் சொந்த நம்பர் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கும் காரின் நம்பர் டிரெய்லரின் பின்பக்கம் தெரிய வேண்டும். இரண்டும் வேண்டும் என்கிறது பிரிவு 61. கார் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு போவது, பதிவில்லாத வண்டி ஓட்டுகிறேன் என்று நீங்களே பலகை மாட்டுவது போல. முதல் முறை பிடிபட்டால் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது பிரிவு 192. இ-சலானில் வரும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் பழைய டிராக்டர் டிரெய்லர் மலிவாகக் கிடைக்கும். ‘ஆர்சி இருக்கே’ என்று வாங்கிவிடாதீர்கள். விவசாயப் பயன்பாட்டுக்கென்று பதிவான டிரெய்லரை எஸ்யூவியில் மாட்டினால் அந்த ஆர்சி உங்களுக்கு உதவாது. சரக்கு ஏற்றும் முன்பே அது நடுத்தர எஸ்யூவி தாங்காத எடையில் இருக்கும். டிராக்டரின் பின் மாட்டும் கொக்கியும் காரின் 50 மில்லிமீட்டர் டோ பாலும் (டிரெய்லரை மாட்டும் உருண்டைக் குமிழ்) ஒன்றோடொன்று சேராது. சேர்க்கிறேன் என்று பட்டறையில் வெட்டி ஒட்டுவார்கள், விபத்தில் முதலில் விடுவது அந்த ஒட்டுதான்.

அடுத்தது புதுச்சேரி முகவரி. வரி குறைவு என்று கடலூரில் இருந்துகொண்டு பிஒய் 01 நம்பர் வாங்கும் பழக்கம் இங்கே பழசு. வண்டி எங்கே நிறுத்தப்படுகிறதோ, உரிமையாளர் எங்கே வசிக்கிறாரோ, தொழில் நடத்துகிறாரோ, அந்த இடம்தான் கணக்கு. அரியாங்குப்பத்தில் யாரோ ஒருவரின் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி வாங்கிய பதிவும் மேலே சொன்ன பிரிவு 55-க்குள் வரும். உண்மையாகவே புதுச்சேரியில் இருந்து மஞ்சக்குப்பத்துக்குக் குடிவந்தவர்களுக்கு 12 மாத அவகாசம் உண்டு. அதற்குள் தடையில்லாச் சான்று வாங்கி டிஎன் நம்பருக்கு மாற வேண்டும். காருக்கு மாற்றிவிட்டு டிரெய்லரை மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம்.

வெள்ளை போர்டு காரில் கடைச் சரக்கு இழுப்பது இன்னொரு குழி. சொந்தப் பொருளைக் கொண்டுபோவதும் வாடகைக்கோ வியாபாரத்துக்கோ இழுப்பதும் வேறு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்று பிரிவு 66 சொல்வதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஏமாறுகிறார்கள். பெர்மிட்டுக்குத்தான் விலக்கு. வணிகப் பதிவுக்கும் தகுதிச் சான்றுக்கும் அதில் விலக்கு கிடையாது.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். ‘டிரெய்லருக்கு பேட்ஜ் வேணும்’ என்று யாராவது பயமுறுத்தினால், 7,500 கிலோவுக்குள் இருக்கும் வணிக வண்டியையும் எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டதைச் சொல்லுங்கள்.

கொக்கியும் இன்சூரன்ஸும்

பல எஸ்யூவிகளின் பின்னால் பளபளவென்று தொங்கும் கொக்கி, பின்னால் வருபவரின் பம்பரை உடைக்க மாட்டிய அலங்காரம். பம்பர் சட்டத்தில் இரண்டு போல்ட்டில் நிற்கும் அதில் டிரெய்லரை மாட்டக் கூடாது. டூல் கிட்டில் வரும் திருகு வளையமும் ஆகாது, அது பழுதான காரைக் கொஞ்ச தூரம் இழுக்க மட்டும்.

காருடன் வந்த கையேட்டில் டிரெய்லர் பக்கத்தைத் திறந்து படியுங்கள். டிரெய்லர் இழுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று அதில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. வெளியில் கொக்கி மாட்டினால் வாரன்டியும் போகும், அனுமதியில்லாத மாற்றம் என்ற சிக்கலும் வரும். பிரிவு 182ஏ-படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இழுக்கலாம் என்று எடை வரம்பு கொடுத்திருந்தால், அந்த மாடலுக்கென்று கம்பெனி தரும் கொக்கியையே வாங்கி, பில்லையும் பொருத்திய ஒர்க்‌ஷாப்பின் சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

தனியார் கார் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர மற்ற சரக்கு ஏற்றினால் பாதுகாப்பு இல்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது யாரும் படிப்பதில்லை, கிளெய்ம் மறுக்கும்போது கம்பெனிக்காரர் முதலில் படிப்பது அதைத்தான். டிரெய்லரையும் பாலிசிக்குள் கொண்டுவர ஐஎம்டி 30 என்ற இணைப்பு உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டி, டிரெய்லரின் பதிவு எண்ணோடு எழுத்தில் வாங்குங்கள். “எல்லாம் கவர் ஆகும் சார்” என்று ஏஜென்ட் போனில் சொன்னது எங்கும் நிற்காது. அந்த இணைப்பிலும் டிரெய்லருக்குள் இருக்கும் பொருள் அடங்காது. ஜெனரேட்டர் உருண்டு உடைந்தால் உங்கள் கைப்பணம்தான்.

கணக்கு உதைக்கும் இடம்

கார் எவ்வளவு இழுக்கும் என்று கேட்பவர்கள், எவ்வளவு தாங்கும் என்று கேட்பதில்லை. ஒரு கணக்குக்கு, காரின் வெற்று எடை 1,350 கிலோ, மொத்த எடை வரம்பு 1,800 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 450. ஐந்து பேர் ஏறினால் 350 போச்சு, பைகள் 40, கொக்கிச் சட்டம் 20. மீதி 40 கிலோ. 500 கிலோ டிரெய்லரின் மூக்கு, அதாவது டோ பாலின் மேல் உட்காரும் முனை, பத்தில் ஒரு பங்கான 50 கிலோவை காரின் மேல் வைக்கும். ஆக, இழுக்கும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது. இரண்டு பேரைப் பஸ்ஸில் அனுப்புங்கள்.

மூக்கு எடையை வீட்டிலேயே பார்க்கலாம். சமதரையில் சரக்கோடு நிறுத்தி, கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் அடியில் குளியலறை எடை மிஷினை வையுங்கள். 7 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதோடு கையேட்டில் சொன்ன கிலோ வரம்பையும் தாண்டக் கூடாது. குறைந்தால் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அப்போது பிரேக்கை மிதித்தால் ஆட்டம் கூடும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுப்பதுதான் வழி. எடை கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரப் பிடி குறைந்து, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பின் டயர்களில் முழுச் சுமைக்கான காற்றை அடியுங்கள், அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். விளக்குக்கு காரின் எல்இடி ஒயரை வெட்டி ஒட்டாமல், ஃபியூஸ் வைத்து பேட்டரியில் இருந்து தனி ரிலே மாட்டுங்கள். இண்டிகேட்டர் போட்டதும் பிரேக் லைட் மங்கி மினுக்கினால் எர்த் ஒயர் சரியில்லை என்று அர்த்தம்.

சின்னப் படகு, கயாக் இழுப்பவர்களுக்கு உப்புத்தண்ணீர்தான் பகை. ஓடிச் சூடான சக்கர ஹப்பை அப்படியே தண்ணீருக்குள் இறக்கினால், அது சட்டென்று குளிரும்போது தண்ணீரை உள்ளே இழுக்கும், கிரீஸ் பால் போல வெளுத்துவிடும், பேரிங் அரைக்கத் தொடங்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு, லைட் பிளக்கைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தேவனாம்பட்டினம் மணலில் முன்சக்கர இழுவை எஸ்யூவியோடு இறங்க வேண்டாம். டிரெய்லர் பின்னால் அமுக்க, முன் சக்கரம் வெறுமனே சுற்றி கிளட்ச் கருகும். மீன்பிடி ஃபைபர் படகை இழுப்பது டிராக்டரின் வேலை.

கவுன்டரிலும் சாலையிலும்

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் “இதெல்லாம் இங்க பண்றதில்ல” என்று வாய்ச்சொல்லில் அனுப்பினால் திரும்பி வராதீர்கள். பதிவை மறுத்தால் காரணத்தோடு உத்தரவின் நகலைத் தர வேண்டும் என்கிறது பிரிவு 45. மறுப்பை எழுத்தில் கேட்டதும் பல நேரம் விண்ணப்பமே நகரத் தொடங்கும். எழுத்தில் வந்துவிட்டால் 30 நாளுக்குள் பிரிவு 57-இன் கீழ் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்துவையுங்கள். தமிழ்நாட்டில் 1100 எண்ணிலும் புகார் பதியலாம், ஆனால் அதை நம்பி 30 நாளை விட்டுவிடாதீர்கள்.

முள்ளோடையிலோ வேறு சோதனையிலோ நிறுத்தி ‘ஓவர்லோடு’ என்றால், எடைச் சீட்டு எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள். அதிக எடைக்கு 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். கண்ணால் பார்த்து விதிக்கும் தொகை இல்லை. போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் எடைமேடைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்ல அதிகாரிக்கு பிரிவு 114 அதிகாரம் தருகிறது. அவர் சொன்னால் போய்விடுங்கள், எடை போட மறுத்தால் மட்டும் 40,000 ரூபாய். கிளம்பும் முன் நீங்களே எடுத்த எடைமேடைச் சீட்டை, டிரெய்லரின் ஆர்சியோடும் ஐஎம்டி 30 தாளோடும் ஒரே கவரில் வைத்திருங்கள்.