‘வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா, டாக்டர்?’

பெங்களூரு அல்சூரில் மகப்பேறு மருத்துவம் பார்க்கிறேன். கருக்கலைப்புக்கு வரும் பெண்கள் பலர் முதலில் கேட்பது, வலிக்குமா என்று இல்லை. ‘அவர் கையெழுத்து வேணுமா?’ என்றுதான். வேண்டாம். 18 வயது முடிந்த பெண் என்றால் அவளுடைய சம்மதம் மட்டும் போதும்; 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் படிவத்தின் அடியில் கணவருக்கென்று தாங்களாகவே ஒரு கோடு போட்டு வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. பயிற்சிக் காலத்தில் நானே அந்தக் கோட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

கொஞ்ச வருடம் முன்பு ஏரியா பிரமுகர் ஒருவர் போன் செய்தார் (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). “எங்க தெருவுல கல்யாணம் ஆகாத பொண்ணு ஒண்ணு உங்ககிட்ட வந்துச்சாமே டாக்டரம்மா? யாருன்னு சொன்னா பெரியவங்க பேசி முடிச்சிடுவோம்.” முடியாது என்றேன். பண்பாடு, குடும்ப மானம் என்று கால் மணி நேரம் பேசினார். மேடைப் பழக்கம்.

இவரை மட்டும் சொல்லி என்ன? நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77இல், ஒரே வருடத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை செய்த நாடு இது. ஆந்திராவில் இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற விதி 2024 வரை இருந்தது. அதே 2024இல் அங்கே முதல்வர் நாயுடு நிறையப் பெறச் சொன்னார், தமிழ்நாட்டில் ஸ்டாலின் பதினாறு பெற்றால் என்ன என்று கல்யாண மேடையில் கேட்டார், வேடிக்கையாகத்தான். எண்ணிக்கை மாறுகிறது, கணக்குப் போடுபவர்கள் மாறவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமையே இல்லை என்று நீதிமன்றத்தில் வாதாடியதும் அரசுதான். கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்த வாதத்தை நிராகரித்தார்கள்.

சரி, பிரமுகருக்கு வருகிறேன். எட்டு மாதம் கழித்து, இரவு ஒன்பதரைக்கு, மகளோடு வந்தார். “பேரு எங்கயும் வரக் கூடாதும்மா.” யார் பெயரும் வராது என்றேன். சம்மதப் படிவம் உறைக்குள் போய்விடும், ஒட்டி மேலே ‘ரகசியம்’ என்று எழுத வேண்டும். சேர்க்கைப் பதிவேடு தவிர மற்றதில் எல்லாம் வரிசை எண்தான். சட்டம் அனுமதிக்காத யாரிடமாவது நான் சொன்னால் ஒரு வருடம் வரை சிறை. திருமணம் ஆகவில்லை என்பதற்காக 20 முதல் 24 வாரத்துக்கான அனுமதியை மறுக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தப் பெண்ணுக்கு ஒன்பது வாரம்தான்.

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் தனியாகப் பேசினேன். முடிவு அவளுடையதுதானா என்று இரண்டு தடவை கேட்டேன். கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே வந்தவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “நான் எங்க போடணும்?”

“உங்களுக்கு இதில் இடமில்லை, சார்.”